கேட்டவரைக் கேட்டவர்கள்

நான் லிஃப்ட் மெக்கானிக். மாட்டிக்கொண்ட மனுஷனை வெளியே எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியும் என்றுதான் இருபத்திரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மாமனாரின் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு ரசிகர் பேரவைக்குப் போனபிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

விஷயம் இதுதான். மாமா ரேடியோ நிலையத்தின் வாத்தியக் குழுவில் முப்பத்தைந்து வருஷம் கிளாரினெட் வாசித்தவர். மூன்றாவது வரிசை, இடமிருந்து இரண்டாவது நாற்காலி. யாரோ பாடுவார்கள், யாரோ பேர் வாங்குவார்கள், இவர் ஊதிவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வருவார். அவர் தனியாக வாசித்துப் பதிவானது ஒரே ஒரு ஸ்பூல் நாடா, அதில் நாலு துண்டு. ஐம்பத்திரண்டு வருஷம் முன்னால் நிலையத்துக்குப் புதிதாக வந்த மெஷினைச் சோதித்துப் பார்க்க ஒரு விடுமுறை மத்தியானத்தில் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாமியாரும் கூடப் போயிருக்கிறார், மடியில் ஒரு வயசுக் குழந்தையோடு. அந்தக் குழந்தைதான் என் மனைவி. நாலாவது துண்டு முடிந்த கையோடு மாமா உட்கார்ந்திருந்த நாற்காலியின் கால் முறிந்து, அவர் பொத்தென்று தரையில் உட்கார, மாமியார் சிரித்துவிட்டார். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் சிரிப்பும் பதிவாகிவிட்டது. அடுத்த வருஷமே மாமியார் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

மாமாவுக்கு இப்போது எண்பத்தோரு வயது. வலது காது எப்போதோ போய்விட்டது. இடது காதுக்குப் பின்னால் ஒரு கட்டி வந்திருக்கிறது. எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து, எடுத்தால் இந்தக் காதும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று, இன்னும் இருபத்திரண்டு நாள். அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா சொன்னார்.

“மாப்பிள்ளை, அந்த டேப்பை ஒரு தடவை கேக்கணும். முழுசாக்கூட வேணாம். கடைசில அவ சிரிப்பா. அது போதும்.”

பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கு அம்மா என்றால் சுவரில் இருக்கும் ஒரு போட்டோதான். அதிலும் மாமியார் போட்டோக்காரனை முறைத்துக்கொண்டிருப்பார். அந்த அம்மாவுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

நாடா எங்கே இருக்கிறது என்று விசாரித்தேன். நிலையத்தில் பழசைக் கழித்துக் கட்டியபோது ஒரு ரசிகர் குப்பையிலிருந்து நாடாவையும் ஒரு பழைய மெஷினையும் காப்பாற்றி, அதற்காகவே ஒரு பேரவை ஆரம்பித்திருக்கிறார். அவர் இப்போது இல்லை. பேரவை இருக்கிறது. இருக்கும் இடம், நான் மாதாமாதம் லிஃப்ட் பார்க்கும் கட்டடத்தின் மூன்றாவது மாடி. எட்டு மாதமாக அந்த லிஃப்டை ஓடவிடாமல் மனுக் கொடுத்து நிறுத்தி வைத்திருப்பதே இவர்கள்தான். லிஃப்ட் ஓடினால் அதிர்வில் நாடா தேய்ந்துவிடுமாம்.

படியேறிப் போனேன். கதவில் ஒரு பலகை: ‘உள்ளே கேட்டவர்கள் இருக்கிறார்கள். மெதுவாக மூச்சு விடவும்.’

செயலாளர் நல்ல மனுஷன் போலத்தான் இருந்தார். என் செல்போனை வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டு உட்காரச் சொன்னார்.

“நீங்க எந்த வகுப்பு?”

“எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன்.”

“அது இல்லைங்க. கேட்டவரா, கேட்டவரைக் கேட்டவரா, இல்ல கேட்கவிருப்பவரா?”

பொறுமையாக விளக்கினார். நாடாவைக் காதால் கேட்டவர்கள் ஐந்து பேர். அவர்களுக்கு முன்வரிசையில் மெத்தை போட்ட நாற்காலி. அந்த ஐவர் சொல்லக் கேட்டவர்கள் முப்பத்துநாலு பேர், அவர்களுக்கு மெத்தை இல்லாத நாற்காலி. மற்றவர்கள் கேட்கவிருப்பவர்கள், அவர்களுக்கு பெஞ்சு. நாடா இன்னும் பதினொரு தடவைதான் ஓடும் என்று நிறுவனர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எப்படிச் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு ஆளுக்குப் போடுவார்கள்.

“ஒரு நகல் எடுத்து வெச்சுக்கலாமே?” என்றேன்.

சட்டையைக் கழற்றச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். “நகல் எடுத்தா யார் வேணும்னாலும் கேட்டுடுவாங்களே.”

“கேக்கட்டுமே.”

“எல்லாரும் கேட்டுட்டா அப்புறம் பேரவை எதுக்குங்க?”

விண்ணப்பத்தைக் கொடுத்தேன். விண்ணப்பதாரர் ரசிகரா, ஆய்வாளரா, இதரரா என்று கேட்டார்.

“அந்த டேப்புல வாசிச்சவரே அவர்தாங்க.”

செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார். “உயிரோட இருக்காரா?”

“வீட்டுலதான் இருக்கார். வரும்போது பேப்பர் படிச்சுட்டிருந்தார்.”

“அடடா,” என்றார், உண்மையான வருத்தத்தோடு. “போன வருஷம்தான் அவருக்கு இரங்கல் கூட்டம் நடத்தினோம். தீர்மானமும் நிறைவேத்தியாச்சு. நல்ல கூட்டம். இப்ப அதை ரத்து பண்ணினாத்தான் விண்ணப்பத்தையே எடுத்துக்க முடியும். ரத்து பண்ணப் பொதுக்குழு கூடணும்.”

மாமா உயிரோடிருக்கிறார் என்று பொதுக்குழு ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆனது. ஓட்டெடுப்பில் ஏழு ஓட்டு எதிராக விழுந்ததாம். அவர்களுக்கு மாமா மேல் கோபம் ஒன்றுமில்லை, அன்று வாசித்த இரங்கல் கவிதைகள் அவர்களுடையவை. விண்ணப்பம் மாமாவை ‘இதரர்’ என்ற பிரிவில் சேர்த்துக்கொண்டு ஒரு அங்குலம் நகர்ந்தது. பாக்கி பதினைந்து நாள்.

அந்தச் சனிக்கிழமை விவாதக் கூட்டத்துக்கு என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார அனுமதித்தார்கள். விவாதப் பொருள்: ‘நாலாம் துண்டின் இறுதியில் வரும் முனகல், தனிமனித முனகலா, மானுட முனகலா?’

எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. தலைவர் எழுந்தார். அவர் கேட்டவர்களில் மூத்தவர். ஒல்லியான உருவம், கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர்.

“நண்பர்களே, டேப் பெட்டி மேல கலைஞர் தன் கையாலயே பதினாறு நிமிடம்னு எழுதியிருக்கார். நாடா ஓடுறதோ முப்பத்திரண்டு நிமிடம். ஏன்? தன் படைப்புல பாதியைத்தான் வெளிய சொல்லிக்கணும்ங்கற அடக்கம். சொல்லாம விட்ட அந்தப் பதினாறு நிமிடத்தைப் பத்தித்தான் நான் நானூறு பக்கம் எழுதினேன். இன்னும் முடியலை.”

கைதட்டல். அடுத்து பெரிய கிளாரினெட் துணைக்குழுவின் அறிக்கை. சாதாரண கிளாரினெட்டில் அவ்வளவு கீழே நாதம் இறங்காது. ஆகவே மாமாவிடம் ஆள் உயரத்துக்கு ஒரு ரகசியக் கிளாரினெட் இருந்திருக்க வேண்டும். ஒன்பது வருஷமாக, மூன்று நாடுகளில், எட்டு அருங்காட்சியகங்களில் தேடிவிட்டோம், இன்னும் கிடைக்கவில்லை என்றார்கள். அதற்கும் கைதட்டல். பிறகு மூச்சு மாஸ்டர் என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு குண்டு ஆள் வந்தார். இரண்டாம் துண்டில் கலைஞர் ஒரே மூச்சில் நாற்பத்தெட்டு வினாடி ஊதுகிறாராம். அதை உணர்ந்தால்தான் அவரை உணர முடியும் என்று எல்லாரையும் மூச்சை அடக்கச் சொன்னார். முப்பத்தாறாவது வினாடியில் மெத்தையில்லாத நாற்காலியிலிருந்து ஒருத்தர் சரிந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். கண்ணைத் திறந்ததும், “அந்த சோகம் புரிஞ்சிடுச்சு,” என்றார். அவருக்கு அப்போதே ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

நான் கையைத் தூக்கினேன். “கடைசில ஒரு பொம்பளை சிரிக்கிற சத்தம் வரும்னு சொன்னாங்க.”

தலைவர் கண்ணைத் திறந்தார்.

“தம்பி, நான் கேட்டவன். அது ஒரு ஆணோட முனகல். கிணத்துக்குள்ளருந்து வர்ற மாதிரி இருக்கும். அந்த முனகலைக் கேட்டுட்டு நான் மூணு நாள் சாப்பிடலை.”

“அதுக்கு முன்னாடி ஒரு நாற்காலி உடையும்.”

“அது கதவு. விதியோட கதவு. அது சாத்துற சத்தம்தான் அது.”

ஐந்து பேரையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் ஒன்றுகூட இல்லை. ஐந்து பேரும் முனகலைத்தான் கேட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து சமையலறையில் மெதுவாகச் சொன்னேன்.

“அஞ்சு பேரும் ஒண்ணாச் சொல்றாங்க. அப்பாவுக்குத்தான் ஞாபகம் தப்பியிருக்குமோ?”

என் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. “அம்மாவைப் பத்தி அவர் என்கிட்ட சொன்னதே அது ஒண்ணுதாங்க. அதையும் இல்லைன்னு சொல்லிடாதீங்க.”

மெதுவாகப் பேசியதாகத்தான் நினைத்தேன். மாமாவின் இடது காதில் விழுந்துவிட்டது. மூன்றாம் நாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நிறுத்தினார்.

“ஐம்பது வருஷமா நானா ஒரு சிரிப்பைக் கற்பனை பண்ணிட்டு அதோட குடும்பம் நடத்திட்டிருந்தேனா, மாப்பிள்ளை?”

கேட்காமலே காது போய்விட்டால் மனுஷன் இந்தக் கேள்வியோடுதான் மிச்ச நாளைத் தள்ள வேண்டும். பதில் எழுதியிருக்கும் ஒரே நாடா, கிளாரினெட்டை ஆள் உயரத்துக்குத் தேடுகிறவர்கள் கையில் இருந்தது.

அடுத்த வாரம் செயலாளர் வீட்டுக்கே வந்தார், தகுதித் தேர்வு நடத்த. நாடாவைக் கேட்க விரும்புகிறவர் கலைஞரைப் பற்றிய இருபது கேள்விகளில் பன்னிரண்டுக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும். மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாம் துண்டில் வெளிப்படும் ஆழ்ந்த வேதனைக்குக் காரணம் என்ன என்று ஒரு கேள்வி. ‘வேதனை இல்லை. அன்றைக்கு நல்ல பசி’ என்று எழுதினார். மூன்றாம் துண்டு எந்த மரணத்தை நினைத்து வாசிக்கப்பட்டது? ‘மகள் நடக்கப் பழகியதை நினைத்து.’ இறுதியில் சாத்தப்படும் கதவு எதைக் குறிக்கிறது? ‘நாற்காலி.’

செயலாளர் அங்கேயே உட்கார்ந்து திருத்தினார். இருபதுக்கு மூன்று. பிறந்த தேதி, அப்பா பேர், நிலையத்தில் சேர்ந்த வருஷம், இவை மட்டும் சரி.

“என்னைப் பத்தித்தானே கேட்டிருக்கீங்க?” என்றார் மாமா.

“அதனாலதான் கஷ்டம் ஐயா,” என்றார் செயலாளர். “நீங்க உள்ளேயே இருந்துட்டதால வெளிய நடந்த ஆய்வையெல்லாம் படிக்க வாய்ப்பில்லாம போயிடுச்சு. பரவாயில்லை, வயசுக்காக ஒம்பது கருணை மதிப்பெண் போட்டுப் பாக்கறேன்.”

போட்டார். பன்னிரண்டு வந்தது. என் மனைவி அவருக்கு காபி கொடுத்தாள். அதைக் குடித்து முடித்துவிட்டு, போகிற போக்கில், ஒருத்தருக்கு வாழ்நாளில் ஒரு தடவைதான் கேட்க அனுமதி என்றும், கலைஞர் வாசிக்கும்போதே கேட்டிருப்பார் என்பதால் அந்த ஒரு தடவை தீர்ந்துவிட்டதோ என்று ஒரு ஆட்சேபணை வந்திருப்பதாகவும், அதைச் செவ்வாய்க்கிழமை நிர்வாகக் குழு முடிவு செய்யும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஆபரேஷன் வியாழக்கிழமை காலை. புதன்கிழமை நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நானும் போய் உட்கார்ந்தேன். இரண்டரை மணி நேரம் பேசினார்கள். வாசிப்பது கேட்பதாகுமா, ஊதுகிறவனின் காதுக்குள் போவது வெளிக்காற்று வழியாகவா எலும்பு வழியாகவா என்றெல்லாம் போனது. தலைவர் முடிவாகச் சொன்னார்:

“கலைஞர் மேல எனக்கு இருக்கிற மரியாதை வேற யாருக்கும் இருக்க முடியாது. அதனாலதான் சொல்றேன், அவர் இருக்கிற இடத்துல அவர் கலையைப் பத்தி எப்படிப் பேச முடியும்? அவர் வந்து ஏதாவது சொல்லிட்டார்னா அப்புறம் விவாதமே நின்னு போயிடும். ஆட்சேபணையை ஏத்துக்கலாம்னு நினைக்கிறேன்.”

கைகள் உயரத் தொடங்கின. எனக்கு வேறு வழி தெரியவில்லை. எழுந்து ஒரு பொய்யைச் சொன்னேன்.

“பெரிய கிளாரினெட் எங்க இருக்குன்னு மாமாவுக்குத் தெரியும். டேப்பைக் கேட்டு முடிச்சதும் சொல்றேன்னார்.”

தூக்கிய கைகளெல்லாம் இறங்கின. மறுநாள் பதினொரு மணிக்கு அனுமதி கொடுத்து நாலே நிமிஷத்தில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். கேட்டு முடித்ததும் என்ன சொல்வது என்று நான் யோசிக்கவே இல்லை.

புதன்கிழமை ஆஸ்பத்திரிப் பையையும் கையோடு எடுத்துக்கொண்டு மூன்று பேரும் போனோம். மாமாவால் படியேற முடியாது. லிஃப்ட் சாவி என் இடுப்பிலேயே இருக்கிறது. திறந்து, ஓடவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். மூன்றாம் மாடியில் தலைவர் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு அது தளும்புகிறதா என்று பார்த்தபடி நின்றிருந்தார். மாமா அவருக்கு வணக்கம் சொன்னார். தலைவர் தண்ணீரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மாமாவுக்குத் துணையாக என்னை விட்டார்கள், வகுப்பு எதுவும் இல்லாத என் மனைவியை உள்ளே விடவில்லை. படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “பரவால்லங்க, நீங்க அப்பா பக்கத்துல இருங்க,” என்றாள். கதவைச் சாத்தினார்கள்.

மெத்தை நாற்காலியில் ஐவரும், அவர்களுக்குப் பின்னால் மூச்சு மாஸ்டரும் மற்றவர்களும். பெரிய கிளாரினெட்டுக்காக அன்று மட்டும் எல்லாரும் சாட்சிகள், சாட்சியாகக் கேட்பது கணக்கில் வராதாம். மாமாவின் இடது காது ஸ்பீக்கர் பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். செயலாளர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதினார். தலைவர் கையுறை போட்டு நாடாவை மாட்டினார். மெஷினின் ஓரத்தில் ஒரு சின்ன விசை. அதன் மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி யாரோ கட்டைவிரல் பதித்திருந்தார்கள்.

“அது என்னங்க?” என்றேன்.

“நிறுவனர் வெச்ச அரக்கு,” என்றார் செயலாளர் கிசுகிசுப்பாக. “முதல் தடவை அவர் எப்படிக் கேட்டாரோ அப்படியேதான் எல்லாரும் கேக்கணும், யாரும் எதையும் திருகிடக் கூடாதுன்னு.”

மெஷின் ஓடத் தொடங்கியது. வந்தது ஒரு இழுவை. பிரேக் பிடித்தபடியே இறங்கும் லிஃப்ட் மாதிரி ஒரு சத்தம், அடிவயிற்றிலிருந்து, முடியாமல் முடியாமல் நகர்ந்தது. ஐவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஐந்து நிமிஷத்தில் பின்னால் யாரோ விசும்பினார்கள்.

மாமா கண்ணை மூடவில்லை. ஸ்பீக்கரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது யாரு வாசிக்கிறது?”

செயலாளர் ‘அமைதி’ என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். தலைவர் குறிப்பேட்டில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். ‘கலைஞர் தன்னையே மறந்தார்’ என்று இருந்தது.

இரண்டாம் துண்டு. மூன்றாம் துண்டு. மாமாவின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கிப்போனது. காதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். தன் காதுதான் கெட்டுவிட்டது, இல்லை மூளைதான் கெட்டுவிட்டது என்று அவர் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. மணி பதினொன்று இருபத்தைந்து. இன்னும் ஏழு நிமிஷத்தில் அந்த முனகல் வரும். அதைக் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவார், பிறகு எதையும் கேட்க மாட்டார்.

எனக்கு சங்கீதம் தெரியாது. மோட்டார் தெரியும். பாட்டை விட்டுவிட்டு மோட்டாரைக் கேட்டேன். லிஃப்டில் இரண்டு வேகம் உண்டு. ஓடுவதற்கு ஒன்று, மாடியை நெருங்கும்போது நிதானமாக நிறுத்த ஒன்று. இந்த மெஷின் நிறுத்துகிற வேகத்திலேயே இருபத்தைந்து நிமிஷமாக ஓடிக்கொண்டிருந்தது. அரக்கைப் பார்த்தேன். மேஜை மேலிருந்த டேப் பெட்டியைப் பார்த்தேன். மாமாவின் கையெழுத்தில் ‘16 நிமிடம்’. பதினாறும் பதினாறும் முப்பத்திரண்டு; பாதி வேகம், அதனால்தான் நாதமும் அடிவயிற்றுக்கு இறங்கியிருக்கிறது. இதற்கு எட்டாவது வகுப்புகூட வேண்டாம்.

ஆனாலும் ஓடுகிற மெஷினில் கை வைத்து நாடா அறுந்தால் என்ன செய்வது? மாமாவுக்கு நான்தான் கடைசி எமன். குனிந்து அவர் இடது காதில் சத்தமாகக் கேட்டேன்.

“மாமா, நீங்க இதைவிட வேகமாவா வாசிச்சீங்க?”

“ரெண்டு மடங்கு,” என்றார் உடனே. “இப்படி வாசிச்சிருந்தா அன்னைக்கே வேலையவிட்டுத் தூக்கியிருப்பாங்க.”

தலைவர் எழுந்துவிட்டார். செயலாளர் அட்டையோடு ஓடிவந்தார். நான் சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து அரக்கின் ஓரத்தில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினேன். நிறுவனரின் கட்டைவிரல் இரண்டாகப் பிளந்து தெறித்தது. விசையைத் தள்ளினேன்.

நாடா ஒரு கணம் திணறிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கிளாரினெட் குதித்தது. சின்னக் கிளாரினெட், சாதாரணக் கிளாரினெட், துள்ளிக்கொண்டு படியிறங்கி ஓடுகிற மாதிரி ஒரு வாசிப்பு. மாமாவின் விரல்கள் முழங்கால் மேல் தானாக ஓட ஆரம்பித்தன. யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள், நான் விசையை விடவில்லை. தலைவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். வாசிப்பு உச்சிக்குப் போய் முடிந்தது. பட்டென்று மரம் முறிந்தது. பொத்தென்று ஒரு ஆள் விழுந்தார்.

அப்புறம் ஒரு பெண் சிரித்தாள். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயசுப் பெண். அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், மூக்கில் ஒரு சின்னச் சத்தம் வந்து, அதற்காக இன்னும் சிரித்தாள். கூடவே ஒரு குழந்தையும் எதற்கென்று தெரியாமல் சிரித்தது. நாடா தீர்ந்து, வால் டப் டப் என்று அடித்துக்கொண்டது.

மாமா அசையவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

“சரியாத்தான் ஞாபகம் வெச்சிருக்கேன்,” என்றார்.

கதவு திறந்திருந்தது. என் மனைவி பையை அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். வெளியே வரை கேட்டிருக்கிறது. அவளை யாரும் வகுப்பு என்னவென்று கேட்கவில்லை.

தலைவர் தரையில் உட்கார்ந்து அரக்குத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். “கடைசி ரெண்டு நிமிஷம் செல்லாது,” என்றார் முதலில். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தபோது எனக்கே பாவமாக இருந்தது. “நானூறு பக்கம். மூணு நாடு. ஒம்பது வருஷம். இப்ப வந்து அது சிரிப்புதான்னா, நான் மூணு நாள் பட்டினி கிடந்தது எதுக்கு?”

அவருக்கே கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது. எழுந்து கையுறையைத் தட்டிக்கொண்டு ஓட்டெடுப்பு நடத்தினார். கேட்டது முனகலே என்று கேட்டவர் ஐவரும் கை தூக்கினார்கள். ஐந்துக்குப் பூஜ்யம். எனக்கு ஆயுள் தடை. மாமா இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். ஒருத்தருக்கு ஒரு தடவைதான் என்று செயலாளர் விதியை வாசித்தார்.

நாங்கள் கிளம்பும்போது தலைவர் குறுக்கே வந்தார். ஒரு கையில் பேனா, மறு கையில் அரக்கு.

“ஒப்பந்தம்னா ஒப்பந்தம். அந்தப் பெரிய கிளாரினெட் எங்க இருக்கு?”

மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“உங்க கையிலதான் இருக்கு,” என்றார். “மாப்பிள்ளை இப்பதான் எடுத்துக் குடுத்தார்.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. காது போய்விட்டது. பேரவையிலிருந்து ஒரு கடிதம் வந்தது: சம்பந்தப்பட்ட பெண்குரல், ஸ்க்ரூடிரைவரால் நாடாவுக்கு ஏற்பட்ட காயத்தின் விளைவே என்று ஆய்வுக்குழு கண்டறிந்துள்ளது, விசைக்கு மறுபடி இரட்டை அரக்கு வைக்கப்பட்டுவிட்டது, கலைஞரின் சாட்சியம், கடைசி இரண்டு நிமிடம் செல்லாததால் அவர் கேட்டவர் வகுப்பைச் சேராதவர் ஆகிவிடுவதால், ஏற்கப்படவில்லை. அந்தக் கட்டடத்து லிஃப்டை இப்போதும் நான்தான் பார்க்கிறேன். மாதம் ஒரு தடவை போவதை இரண்டாக்கி, மேலும் கீழுமாக நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

மாமாவிடம் ஏதாவது சொல்வதென்றால் நாங்கள் சிலேட்டில் எழுதுகிறோம். தன் குரலே தனக்குக் கேட்காததால் அவரும் பதிலைச் சிலேட்டிலேயே எழுதப் பழகிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் பல்ப் மாற்றுவதற்காக நாற்காலி மேல் ஏறினேன். இருபத்திரண்டு வருஷம் லிஃப்ட் கூரை மேல் நின்று வேலை பார்த்தவன், வீட்டு நாற்காலியில் தவறி, பல்ப் ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாக விழுந்தேன். என் மனைவி பதறி ஓடி வந்தாள். எனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் வாயைப் பொத்தினாள். அடக்கப் பார்த்தாள். மூக்கில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. அவ்வளவுதான், சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

மாமா பேப்பரைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய தோள் குலுங்குவதை, மூக்கைப் பிடித்துக்கொள்வதை, கண்ணைத் துடைத்துக்கொள்வதை எல்லாம் பார்த்தார். அவள் சிரித்து ஓய்ந்ததும் சிலேட்டை எடுத்து எழுதி, என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

‘இன்னொரு தடவை விழறீங்களா, மாப்பிள்ளை?’

நாற்காலியை நிமிர்த்திப் போட்டு மறுபடி ஏறினேன்.